எந்த ராப் ஆல்பத்தை யாருக்குக் கட்டிக் கொடுப்பது?

இது 2024 டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. கொடுக்க வேண்டியவர்கள் மூன்று பேர். முதல் ஆள் அண்ணன் மகள். பதினாறு வயது, காதில் ஹெட்போன் இல்லாமல் அவளைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. இரண்டாவது, ஆபீசில் சீட்டுக் குலுக்கியபோது என் பங்குக்கு வந்தவர். நியூயார்க்கின் பிராங்ஸில் பிறந்து வளர்ந்த மனிதர், ஐம்பதைத் தாண்டியவர். 25 டாலருக்கு மேல் போகக் கூடாது என்பது ஆபீஸ் விதி. மூன்றாவது, என் நண்பன். தூத்துக்குடிக்காரன், இங்கே நியூ ஜெர்சியில் கத்தோலிக்கக் கோவில் பாடகர் குழுவில் பாடுகிறவன், இந்த வருடம்தான் ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கினான். மூவருக்கும் ராப் பிடிக்கும் என்பதைத் தவிர அவர்களுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

2024 ராப் கேட்பவர்களுக்கு நல்ல விளைச்சல். அதில் ஆக நல்லதை எடுத்து மூன்று பிரதி வாங்கிக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஒவ்வொருவர் முகத்தையும் நினைத்துக்கொண்டு மறுபடி வரிசையாகக் கேட்டபோது, எனக்கு ரொம்பப் பிடித்த ஆல்பம்தான் முதலில் கழிந்தது.

அது ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் 'ஜிஎன்எக்ஸ்'. நவம்பர் 22, ஒரு வெள்ளிக்கிழமை. முன்னறிவிப்பு கிடையாது, விளம்பரம் கிடையாது, நண்பகல் வாக்கில் இணையத்தில் வந்து விழுந்தது. பன்னிரண்டே பாட்டு, மொத்தம் முக்கால் மணி நேரம்கூட இல்லை. இந்த வருடம் முழுக்க ராப் உலகம் பேசிக்கொண்டிருந்தது கென்ட்ரிக்குக்கும் கனடாவின் டிரேக்குக்கும் நடந்த சண்டையைத்தான். மார்ச்சில் ஃப்யூச்சரும் மெட்ரோ பூமினும் போட்ட 'வி டோன்ட் டிரஸ்ட் யூ' ஆல்பத்தில் கென்ட்ரிக் விருந்தாளியாக வந்து ஒரு பாட்டில் கொளுத்திப் போட்டார். அது பற்றிக்கொண்டு போய், மே 4 அன்று வந்த 'நாட் லைக் அஸ்' பாட்டில் கிட்டத்தட்ட முடிந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பாட்டை ஆல்பத்தின் முதுகெலும்பாக வைத்துக் காசு பார்த்திருப்பார்கள். இவர் அதைச் சேர்க்கவே இல்லை.

பெயர் ஒரு காரின் பெயர். 1987-இல் பியூக் நிறுவனம் 547 மட்டுமே தயாரித்த கறுப்புக் கார் அது. கென்ட்ரிக் பிறந்ததும் அதே 1987-இல். அட்டைப்படத்தில் அந்தக் கார் நிற்கிறது, பக்கத்தில் அவர். ஆல்பம் திறப்பதே டெய்ரா பரேரா என்ற, மெக்சிகோவின் மரியாச்சி இசைப் பாடகியின் குரலில், ஸ்பானிஷ் மொழியில். கென்ட்ரிக் வளர்ந்த வட்டாரமான லாஸ் ஏஞ்சலீஸ் என்றால் மெக்சிகோக்காரர்களின் ஊரும்தான் என்பதை ராப் பாட்டு இப்படி வாசலிலேயே நிறுத்திச் சொல்லி நான் கேட்டதில்லை. வெளியூரில் யாரும் கேள்விப்படாத உள்ளூர்ப் பையன்கள் பலருக்கும் இதில் இடம் கொடுத்திருக்கிறார். கடைசிப் பாட்டில் ஒரு காதலியோடு பேசுவது போலப் பேசிக்கொண்டே வந்து, அந்தக் காதலி தன் பேனாதான் என்று முடிக்கிறார். மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் சிரிப்பு வந்தது.

அப்புறம் ஏன் பரிசாகாது? ஏனென்றால் இப்போதைக்குக் கட்டிக் கொடுக்க ஒன்றும் இல்லை. வந்தது இணையத்தில். வந்த அன்று சாயங்காலத்துக்குள் மூவர் போனிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. 'டிவி ஆஃப்' பாட்டின் நடுவில் தயாரிப்பாளர் மஸ்டர்டின் பெயரைக் கென்ட்ரிக் தொண்டை கிழியக் கத்துவாரே, அதை அண்ணன் வீட்டில் இப்போது தினமும் கேட்கலாம். அண்ணி கடுகு தாளிக்கும்போது சட்டியில் முதல் கடுகு வெடித்ததும் மாடியிலிருந்து "மஸ்டாஆஆர்ட்" என்று ஒரு சத்தம் வரும். ஒரு நாள் அண்ணி பயத்தில் கரண்டியையே கீழே போட்டுவிட்டார். அந்த வீட்டுக்குப் போய் 'இந்தா, ஜிஎன்எக்ஸ்' என்று நீட்டினால், கல்யாண வீட்டுக்கு ஏழாவது சுவர்க்கடிகாரத்தோடு போய் நிற்பவன் கதைதான்.

சரி, அண்ணன் மகளுக்கு என்னதான் கொடுப்பது? இங்கே போட்டி இரண்டு பேருக்குள். டோய்ச்சியின் 'அலிகேட்டர் பைட்ஸ் நெவர் ஹீல்', டைலர் த கிரியேட்டரின் 'குரோமகோப்பியா'.

டோய்ச்சி ஃபுளோரிடாவின் டாம்பாக்காரி. சதுப்பு நிலமும் முதலையுமாக இருக்கும் மாநிலம் அது, அட்டைப்படத்தில் மடியில் ஒரு வெள்ளை முதலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கிராமி விருதுக்குப் பாட்டு வந்திருக்க வேண்டிய கடைசி நாளான ஆகஸ்ட் 30 அன்றுதான் இது வந்தது. வண்டி கிளம்பும்போது ஓடி வந்து தொற்றிக்கொண்ட மாதிரி வந்து, சிறந்த ராப் ஆல்பத்துக்கான ஐந்து பேர் பட்டியலில் உட்கார்ந்துவிட்டது. பத்தொன்பது துண்டுகள், ஒன்றில் தொண்ணூறுகளின் பழைய பாணி, அடுத்ததில் மூச்சுவிடாத வேகம், அதற்கடுத்ததில் பாட்டு. 'டினையல் இஸ் எ ரிவர்' என்ற பாட்டில் மனநல ஆலோசகர் போல ஒரு குரல் கேள்வி கேட்க, இவர் ஒவ்வொரு பொய்யாக அவிழ்த்துக்கொண்டே வருகிறார். இரண்டு குரலும் இவருடையதுதான். கடைசியில் மூச்சுப் பயிற்சி செய்கிறேன் என்று ஆரம்பித்து, அந்த மூச்சே தாளமாகிவிடும். நாடகக்காரி.

இந்த மாதத் தொடக்கத்தில் ஸ்டீஃபன் கோல்பேரின் இரவு நிகழ்ச்சியில் இவர் ஆடியதைப் பார்த்தேன். இரண்டு ஆட்டக்காரிகளின் பின்னலும் இவருடைய பின்னலும் ஒன்றாக முடியப்பட்டிருந்தன. ஒருவர் நகர்ந்தால் மற்ற இருவரும் நகர்ந்தாக வேண்டும். பின்னல் கோலாட்டத்தில் கயிறு பிடித்து ஆடுவார்களே, அந்தக் கயிறு தலைமுடியாகவே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

பதினாறு வயதுப் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தம் வேறு எது என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். அந்த வீடியோவை எனக்கு அனுப்பியதே அவள்தான். "சித்தப்பா, இதைப் பார்த்துட்டு அப்புறம் பேசுங்க" என்று ஒரு வரியோடு. டோய்ச்சி என்ற பெயரையே அவள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அவள் எனக்குக் கொடுத்ததை ஜிகினாத் தாள் சுற்றி அவளுக்கே திருப்பிக் கொடுப்பது நியாயமில்லை.

அதனால் 'குரோமகோப்பியா'. இது அக்டோபர் 28 அன்று வந்தது, திங்கட்கிழமை. எல்லோரும் வெள்ளிக்கிழமை வெளியிடும் காலத்தில் டைலர் வேண்டுமென்றே வாரத்தின் முதல் நாளைப் பிடித்தார். பதினான்கு பாட்டு. அவருக்கு முப்பத்து மூன்று வயது. இருபது வயதில் ஊரையே வம்புக்கு இழுத்துக்கொண்டு திரிந்த பையன், இதில் தலைமுடி, வயது, பிள்ளை பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்பதைப் பற்றியெல்லாம் யோசிக்கிறார். ஆல்பம் நெடுக அவருடைய அம்மாவின் குரல் வந்துகொண்டே இருக்கிறது. பாட்டு இல்லை, புத்திமதி. யாரை நம்பாதே, எதைச் செய்யாதே என்கிற அதட்டல். 'நாய்ட்' என்ற பாட்டின் அடியில் ஓடுவது ஜாம்பியா நாட்டில் எழுபதுகளில் இயங்கிய ங்கோசி ஃபேமிலி என்ற ராக் குழுவின் பாட்டு. அதைத் தேடிக் கேட்கப் போனால் ஒரு வாரம் போய்விடும், எனக்குப் போனது.

நடுமனதில் தைப்பது 'லைக் ஹிம்'. அப்பா இல்லாமல் வளர்ந்தவர் டைலர். நம் வீடுகளில் "அப்படியே அப்பனை உரிச்சு வெச்சிருக்கே" என்பார்கள். பார்த்தே இராத அப்பாவை உரித்து வைத்திருப்பது எப்படி இருக்கும்? பாட்டு அவ்வளவுதான். கடைசியில் அம்மா வந்து, அவர் உன்னை விட்டுப் போனதில் தப்பு என்னுடையதுதான், அவர் அப்பாவாக இருக்க ஆசைப்பட்டார் என்கிறார். அதற்கு முன்னால் எத்தனையோ ஆல்பங்களில் டைலர் அந்த மனிதரைத் திட்டியிருக்கிறார் என்பது தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தில் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடாது.

அம்மாவோடு தினம் ஒரு சண்டை போடும் பெண்ணுக்கு இதைக் கொடுப்பதில் ஒரு குறும்பும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். சிக்கலும் இருக்கிறது. எதிர்பாராத கர்ப்பத்தைப் பற்றி ஒரு பாட்டு, ஆண் பக்கமும் பெண் பக்கமுமாக. கெட்ட வார்த்தைக்குக் குறைவில்லை. ஆல்பம் அட்டையில் பெற்றோரை எச்சரிக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம், 'பேரன்ட்டல் அட்வைசரி', இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1985-இல் அரசியல்வாதிகளின் மனைவிமார் சிலர் சேர்ந்து கிளப்பிய விவகாரம் செனட் விசாரணை வரை போய், 1990-இல் எல்லா ஆல்பத்துக்கும் பொதுவான ஒரே சீட்டாக வந்தது அது. வார்த்தைகளை வெட்டிய 'கிளீன்' பதிப்பு வாங்கலாமே என்று அண்ணன் கேட்டான். ஒரு பழைய ஆல்பத்தின் கிளீன் பதிப்பைப் போட்டுக் காட்டினேன். பல் போன சீப்பால் தலை வாருகிற மாதிரி, இரண்டு வார்த்தைக்கு ஒரு ஓட்டை. அண்ணனே "இதுக்கு அந்த வார்த்தையே பரவாயில்லை" என்றான். அண்ணியிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டேன். அந்தக் கர்ப்பப் பாட்டைப் பற்றிச் சொன்னபோது அண்ணி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவ எங்கிட்ட பேசாத விஷயத்தை யாராவது பேசட்டும்" என்றார்.

எல்.பி.யாக, அதாவது பெரிய இசைத்தட்டாக வாங்கியிருக்கிறேன். அவளிடம் பிளேயர் கிடையாது. இந்த வயதுப் பிள்ளைகள் பலர் இசைத்தட்டை வாங்கிச் சுவரில் மாட்டுகிறார்கள். பாட்டு போனில், படம் சுவரில். முகமூடி போட்ட டைலர் அந்தப் பழுப்பு நிறப் படத்தில் நன்றாகத்தான் இருக்கிறார். ஒரு எச்சரிக்கை மட்டும்: இசைத்தட்டை இணையத்தில் வாங்கினால் வந்த உடனே பிரித்துப் பாருங்கள். போன வருடம் ஒரு கடையிலிருந்து வந்த தட்டு அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. கவர் அழகாக இருக்கிறதே என்று பிரிக்காமல் அப்படியே பரிசாகக் கொடுத்து மானம் போனது.

ஆபீஸ்காரர் விஷயம் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். பிராங்ஸ் என்றால் ராப் பிறந்த இடம். 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில் தன் தங்கை நடத்திய விருந்தில் டி.ஜே. கூல் ஹெர்க் தட்டு சுழற்றியதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அந்த ஊர்க்காரருக்கு நாம் என்ன புதிதாகக் கொடுத்துவிட முடியும்? அவருடைய காரில் இன்னும் சி.டி. போடும் வசதி இருக்கிறது, அதுவே பாதித் தீர்வு. எல்.பி. 30 டாலரைத் தாண்டிவிடும், சி.டி. 25-க்குள் அடங்கும்.

மூன்று பெரியவர்கள் இந்த வருடம் திரும்பி வந்தார்கள். எமினெம் தன் பழைய வேஷமான ஸ்லிம் ஷேடியைச் சாகடிக்கும் ஆல்பம் போட்டார். ஆபீசில் பரிசைப் பத்துப் பேர் முன்னால் பிரிப்பார்கள். மனிதவளத் துறை அம்மாளும் இருப்பார். சாவு என்று பெயர் போட்ட, பக்கத்துக்குப் பக்கம் யாரையாவது சீண்டும் ஆல்பத்தை அந்த மேசையில் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. ஆல்பமும் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. மகளுக்காக அவர் எழுதியிருக்கும் ஒன்றிரண்டு பாட்டு மட்டும் நிற்கும்.

எல்.எல். கூல் ஜே-யின் 'தி ஃபோர்ஸ்' எனக்கு எதிர்பாராத சந்தோஷம். பதினோரு வருடம் கழித்து ஆல்பம் போடும் மனிதரிடம் இவ்வளவு வேகத்தை எதிர்பார்க்கவில்லை. இசை கியூ-டிப், எ டிரைப் கால்டு குவெஸ்ட் என்ற ராப் குழுவின் மூளை. ஆனால் இரண்டு பேரும் நியூயார்க்கின் இன்னொரு பகுதியான குவீன்ஸின் ஆட்கள். எண்பதுகளில் ராப் எங்கே பிறந்தது என்று பிராங்ஸும் குவீன்ஸும் பாட்டிலேயே அடித்துக்கொண்டது பெரிய சரித்திரம். நம் ஆள் அந்தச் சண்டையில் பள்ளிக்கூடப் பையனாக இருந்து கைதட்டியவர். இன்னும் குவீன்ஸ் என்றால் உதட்டைப் பிதுக்குவார். சும்மா விளையாட்டுக்குத்தான், ஆனாலும் எதற்கு வம்பு.

மிச்சம் காமனும் பீட் ராக்கும் சேர்ந்து செய்த 'தி ஆடிட்டோரியம், வால்யூம் 1'. எமினெம் ஆல்பம் வந்த அதே ஜூலை 12 அன்றுதான் இதுவும் வந்தது, அந்தச் சத்தத்தில் பலர் கவனிக்கவில்லை. பிறகு கிராமி பட்டியலில் இரண்டும் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. பாடும் காமன் சிகாகோக்காரர், ஆஸ்கர் வாங்கிய பாடலாசிரியர். இசை செய்த பீட் ராக் பிராங்ஸில் பிறந்து, அதற்கு வடக்கே ஒட்டியிருக்கும் மவுன்ட் வெர்னனில் வளர்ந்தவர். இறந்துபோன நண்பன் டிராய்க்காக, ராப்பர் சி.எல். ஸ்மூத்தோடு சேர்ந்து 1992-இல் அவர் செய்த பாட்டில் ஒரு சாக்சபோன் வரும், டாம் ஸ்காட்டின் பழைய ஜாஸ் தட்டிலிருந்து எடுத்தது. அதைக் கேட்டுக் கண்கலங்காத ஐம்பது வயது நியூயார்க்காரர் இருந்தால் காட்டுங்கள்.

புது ஆல்பத்தில் அவ்வளவு பெரிய ஒற்றைப் பாட்டு இல்லை. குறையாக எனக்குத் தெரியவில்லை. பழைய சோல் பாட்டின் ஒரு இழை, அதன் மேல் தூசி படிந்த டிரம், கனமான பேஸ், அவசரப்படாத குரல். இப்படியே பதினைந்து பாட்டு. பாடகி ஜெனிஃபர் ஹட்சன் ஒரு பாட்டில், டி லா சோல் ராப் குழுவின் போஸ்டுனஸ் ஒரு பாட்டில். போன வாரம் மதியச் சாப்பாட்டுக்கு அவர் காரில் போனோம். பரிசு இதுதான் என்று காட்டிக்கொடுக்காமல், என் போனிலிருந்து ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தேன். டிரம் விழுந்த நாலாவது நொடியில் "இது பீட் ராக்" என்றார். பாடுவது யார் என்று கேட்கவே இல்லை. ஸ்டீயரிங்கில் கட்டைவிரல் தாளம் போட்டது, கடை வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் பாட்டு முடியும் வரை கதவைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலமே சி.டி. வாங்கிவிட்டேன்.

இனி தூத்துக்குடிக்காரன். அவனுக்கு எது என்று எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும். கா என்று இரண்டே எழுத்தில், இல்லை, தமிழில் ஒரே எழுத்தில் பெயர் வைத்துக்கொண்ட ஒருவரின் 'தி தீஃப் நெக்ஸ்ட் டு ஜீசஸ்'. சிலுவையில் இயேசுவுக்குப் பக்கத்தில் தொங்கிய கள்ளன். கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவனிடம் 'நல்ல கள்ளன்' என்று சொன்னால் போதும், விளக்க வேண்டியதே இல்லை.

கா-வின் இயற்பெயர் கசீம் ரயன். நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியின் பிரவுன்ஸ்வில்காரர். நியூயார்க் தீயணைப்புத் துறையில் கேப்டனாக இருந்தவர், 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையக் கோபுரங்களுக்குப் போனவர்களில் ஒருவர். வேலை முடிந்த நேரத்தில் எழுதி, பெரும்பாலும் தானே இசையும் செய்து, தன் செலவில் வெளியிட்டு, சில சமயம் நியூயார்க் தெருமுனையில் தட்டுகளோடு நின்று தன் கையாலேயே விற்றவர். ஆகஸ்டில் இந்த ஆல்பம் வந்தது. அக்டோபர் 12 அன்று இறந்துபோனார், 52 வயது.

அவர் பாட்டில் டிரம் அநேகமாக இருக்காது. ராப்பில் டிரம் இல்லை என்றால் சாம்பாரில் பருப்பு இல்லை என்பது போல. ஆனால் தேவாலயப் பாடகர் குழுக்களின் பழைய பதிவுகளை மெதுவாகச் சுற்றவிட்டு, அதன் மேல் காதருகே பேசுவது போன்ற தாழ்ந்த குரலில் ஒவ்வொரு வரியாக வைத்துக்கொண்டு போகிறார். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்குக் கிறிஸ்தவம் என்ன கொடுத்தது, என்ன எடுத்துக்கொண்டது என்பதுதான் கேள்வி. ஆறுதலாகக் கேட்ட அந்தப் பாட்டுகளையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார். வெறுப்பு இல்லை, ஆனால் விடவும் இல்லை. வருடம் முழுக்கக் கேட்டதில் இதைத்தான் இருட்டில் உட்கார்ந்து கேட்டேன்.

இந்த ஏழு ஆல்பங்களில், தானாகத் தேடிப் போய் நண்பன் கண்டுபிடித்திருக்க வாய்ப்பே இல்லாதது இது ஒன்றுதான். அதனாலேயே இதுதான் அசல் பரிசு. ஆனால் டிசம்பர் 24 ராத்திரிப் பூசைக்கு மூன்று வாரமாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறான். ஊரிலிருந்து அவன் அம்மா வந்திருக்கிறார். குடில் ஜோடித்து, வைக்கோலை இங்கே எங்கே வாங்குவது என்று எனக்கே போன் செய்தார். அந்த வீட்டு ஹாலில் கிறிஸ்துமஸ் அன்று நான் போய், உங்கள் சபை இந்த மக்களுக்கு என்ன செய்தது என்று கேட்கும் தட்டை வைப்பதா? கேள்வி சரியானதுதான், நேரம் சரியில்லை. பரிசுக்கும் ஒரு நாள் நட்சத்திரம் உண்டு.

தட்டும் எனக்கு இன்னும் கைக்குக் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் அடுத்த வருடம், 2025-இல், மார்ச் 5 அன்று வருகிறது. தவக்காலத்தில் நாற்பது நாள் அவன் கறியும் சாப்பிடமாட்டான், சினிமாவும் பார்க்கமாட்டான், சாயங்காலங்கள் காலியாகத்தான் இருக்கும். நெற்றியில் சாம்பலோடு அவன் வீடு திரும்பும் அன்று கொண்டுபோய்க் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு ஒரு கிலோ பிளம் கேக். இப்போதே சொல்லி வைத்தாயிற்று.